கேட்பதைக் காட்டுங்கள்: சமூக ஊடகத்தில் விற்கவும் கற்பிக்கவும் தொடங்குவோருக்கு

பென்னாகரத்தில் சாமை அரிசியைப் பொட்டலமிட்டு விற்கும் மகளிர் குழுவினரும், சந்தூரில் மாங்கன்று நாற்றங்கால் நடத்துபவரும், காவேரிப்பட்டினத்தில் தட்டை போன்ற நிப்பட் சுட்டு விற்கும் குடும்பத்தாரும், ஓசூரில் வீட்டின் முன்னறையில், கொக்கி ஊசியால் துணியில் செய்யும் ஆரி வேலைப்பாடு கற்றுத்தரும் தையற்கலைஞரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் எதைப் போட்டால் ஆள் வரும்? அவர்களுக்காகவும், அவர்களைப் போலத் தொடங்கத் தயங்கி நிற்பவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். விலையுயர்ந்த கேமராவோ விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய பணமோ இதற்குத் தேவையில்லை. சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியும், காலை வெளிச்சமும், தொழிலில் உங்களுக்குள்ள அனுபவமும் போதும்.

சந்தைக்கு வருபவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், எந்தத் தோட்டத்துக் காய் என்று விசாரிக்கிறார். கைபேசித் திரையில் பார்ப்பவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அவர் மனத்தில் எழும் கேள்விகளுக்குப் படத்தின் வழியாகவும் காணொளியின் வழியாகவும் முன்கூட்டியே விடை தருவதுதான் இணைய விற்பனையில் நாம் செய்யவேண்டிய வேலை. அப்படி விடை தரும்போது நாம் கற்பிக்கவும் தொடங்கிவிடுகிறோம். அதனால்தான் விற்பனையையும் கற்பித்தலையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரிக்காமல் இங்கே ஒன்றாகவே சொல்கிறேன்.

முதலில் கேள்விகளைத் திரட்டுங்கள்

கைபேசியைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு உங்களிடம் வருபவர்களும் தொலைபேசியில் அழைப்பவர்களும் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், அவர்கள் கேட்ட சொற்களிலேயே அதில் எழுதிவையுங்கள். சாமை விற்பவரிடம், "பாலிஷ் போட்டதா?", "கல் இருக்குமா?", "ஒரு டம்ளருக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்?" என்று கேட்பார்கள். நாற்றங்கால்காரரிடம், "எத்தனை வருஷத்துல காய்க்கும்?", "போன தடவை வாங்கின கன்னு ஏன் காஞ்சுபோச்சு?", "வீட்டுக்குப் பின்னாடி ஒரு மரம் வைக்க எந்த ரகம் நல்லது?" என்று கேட்பார்கள். வாங்கியவரின் வாயிலிருந்து வந்த சொற்களுக்குத் தனி மதிப்பு உண்டு. யூடியூபில் தேடுபவரும் ஏறத்தாழ அதே சொற்களைத்தான் தட்டச்சு செய்கிறார் அல்லது பேசித் தேடுகிறார். ஆகவே உங்கள் காணொளிக்கான தலைப்பும் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

பிறகு அந்தக் கேள்விகளை, வாங்குவதற்கு முன் கேட்பவை, வாங்கிய பின் கேட்பவை என்று இரண்டாகப் பிரியுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வகையோடு நின்றுவிடுகிறார்கள். என் கருத்தில் இரண்டாம் வகைதான் அதிகப் பலன் தருவது. வாங்கிய சாமையைக் குழையாமல் வடிப்பது எப்படி என்று காட்டுபவரிடம் வாங்கியவர் மீண்டும் வருவார். இன்னும் வாங்காதவரும், விற்றபின் கைவிடாத ஆள் இவர் என்பதைப் புரிந்துகொள்வார்.

எந்தத் தளத்தில் தொடங்குவது

எல்லாத் தளங்களிலும் ஒரே நாளில் கணக்குத் தொடங்கிவிட்டு, ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் கைவிடுவதுதான் பலருக்கும் நேர்வது. முதலில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நிறுவுங்கள், அது இலவசம். சொந்தப் பேச்சுக்கு வைத்திருக்கும் எண்ணைத் தவிர்த்து, தொழிலுக்கென்று தனி எண் ஒன்றை அதற்குப் பயன்படுத்துங்கள். கடையின் பெயர், முகவரி, வேலை நேரம் ஆகியவற்றை நிரப்புங்கள். அதிலுள்ள கேட்டலாக் பகுதியில் 500 பொருள்கள் வரை படம், விலை, விவரம் ஆகியவற்றோடு சேர்க்கலாம் என்றாலும், தொடக்கத்தில் நான்கைந்து பொருள்களே போதும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான விடைகளை முன்பே எழுதிச் சேமித்து, ஒரு தட்டலில் அனுப்பும் வசதியும் அதில் உண்டு.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலைப் பற்றி ஒன்றை மறக்கவேண்டாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே பொட்டலத்தின் மேல் எண்ணை அச்சிட்டு, வாங்குபவரிடம் அதைச் சேமித்துக்கொள்ளும்படி வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது தளத்தைப் பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கை, ஓசூர் ரோஜாவில் கட்டிய மாலை போலப் பார்த்தவுடன் கண்ணைப் பிடிக்கும் பொருளுக்கு இன்ஸ்டாகிராம் பொருந்தும். மாங்கன்று நடுவது, பட்டுப்புழு வளர்ப்பது, கேழ்வரகு மாவைப் பதமாகக் கிளறுவது போன்று, மக்கள் தேடிவந்து பார்க்கும் செய்முறைகளுக்கு யூடியூப் பொருந்தும். இன்று போட்ட காணொளியை அடுத்த ஆடி மாதத்தில் கன்று நட இருப்பவரும் தேடிக் கண்டுபிடிப்பார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுபவை. அவற்றில் இன்றைய விலையையும் இன்றைய சரக்கையும் மட்டும் போடுங்கள். பாடமாகப் பயன்படக்கூடியதை அங்கே வீணாக்க வேண்டாம்.

கணக்கின் பெயரில் பொருளும் ஊரும் இருக்கட்டும். 'அரூர் சாமை அரிசி' என்பது, பொருள் விளங்காத ஆங்கிலப் பெயரைக் காட்டிலும் தேடுபவருக்கு எளிதில் அகப்படும்.

படம் எடுத்தல்

லென்ஸை மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். மாவும் எண்ணெயும் பட்ட கையோடு நாள் முழுவதும் புழங்கும் கைபேசியில், மங்கலான படத்துக்கு முதற்காரணம் லென்ஸில் படிந்த அழுக்குதான். அடுத்து, காலை 7 மணி முதல் 9 மணி வரை வாசற்படிக்கு உட்புறம், நேர் வெயில் படாத இடத்தில் பொருளை வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து பொருளின் மேல் விழட்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகித அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஜூம் செய்யாமல் கைபேசியையே பொருளுக்கு அருகில் கொண்டுசெல்லுங்கள்.

சாமை அரிசியை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தட்டில் குவித்து மேலிருந்து எடுத்தால் அது ரவையைப் போலத் தெரியும். வாங்குபவருக்கு எதுவும் விளங்காது. அதையே கருநீலத் துணியில் ஒரு கைப்பிடி பரப்பி, கைபேசியைத் தாழ்த்திப் பக்கவாட்டில் எடுத்தால் ஒவ்வொரு மணியும் தனியாகத் தெரியும். மிகையாகத் தீட்டிய சாமை வெண்மையாக இருக்கும். தவிடு நீங்காதது சற்றே பழுப்பேறி மங்கலாக இருக்கும். இரண்டையும் ஒரே துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம், "பாலிஷ் போட்டதா?" என்ற கேள்விக்கு எந்த விளக்கமும் இல்லாமல் விடை சொல்லிவிடும். மூன்றாவது படம் முறத்தில் புடைக்கும் கைகளைக் காட்டட்டும், நான்காவது படம் வடித்த சோற்றைக் காட்டட்டும். பொட்டலத்தின் படம் கடைசியில் வந்தால் போதும்.

நிறத்தை மாற்றும் ஃபில்டர்களைப் பொருளின் படத்தில் பயன்படுத்தவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். செந்தூரா மாம்பழத்தின் சிவப்பைத் திரையில் கூட்டிக் காட்டிவிட்டு, பெட்டியில் வேறு நிறத்தில் பழத்தை அனுப்பினால் வாங்கியவர் ஏமாந்ததாகவே உணர்வார். பட்டுப்புடவைக்கும் ரவிக்கைத் துணிக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதங்களில் மூன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 4:5; இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ், யூடியூபின் ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளிகள், ஸ்டேட்டஸ் ஆகியவற்றுக்குச் செங்குத்தான 9:16; யூடியூப் முழுக் காணொளிக்கும் அதன் முகப்புப் படத்துக்கும் கிடைமட்டமான 16:9.

காணொளி: ஒரு கேள்விக்கு ஒன்று

யூடியூப் ஷார்ட்ஸ் காணொளி இப்போது 3 நிமிடம் வரை நீளலாம். இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் அதற்குக் குறையாத நீளம் உண்டு. இருக்கும் நீளத்தையெல்லாம் நிரப்பவேண்டும் என்பதில்லை. ஒரு கேள்விக்கு விடை முடியும் இடத்தில் காணொளியும் முடியட்டும்.

சந்தூர் நாற்றங்காலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, "வாங்கின கன்னு ஏன் காஞ்சுபோச்சு?" என்ற கேள்விக்கு ஒரு காணொளி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். "வணக்கம் நண்பர்களே, எங்கள் சேனலுக்கு வரவேற்கிறோம்" என்று தொடங்கினால் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். ஒட்டுக்கு, அதாவது நல்ல ரகத்தின் கிளையை வேர்ச்செடியோடு இணைத்துக் கட்டிய இடத்துக்கு, கீழே வேர்ச்செடியிலிருந்து தழைத்து, மேலே ஒட்டுக்கிளை வாடிநிற்கும் ஒரு கன்றை முதற்காட்சியாக நெருக்கத்தில் காட்டி, "இந்தக் கன்று ஏன் இப்படி ஆனது என்று பாருங்கள்" என்று தொடங்குங்கள். அடுத்த காட்சியில் ஒட்டுக்கட்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். நடும்போது அந்த இடம் மண்ணுக்கு மேலே இருக்கவேண்டும் என்பதைச் சொல்லிக்கொண்டே, குழியில் கன்றை இறக்கி, மண்மட்டத்துக்கும் ஒட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கைவிரல்களை வைத்து அளந்து காட்டுங்கள். பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுக்கும்போது வேர்ப்பந்தின் மண் உதிராமல் பிடிக்கும் விதத்தை வேகப்படுத்தாமல் அப்படியே விடுங்கள். பார்ப்பவர் கற்றுக்கொள்ள வந்தது அந்த இடத்தைத்தான். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும், இல்லையெனில் வேர்ச்செடி வளர்ந்து ஒட்டுக்கிளை நலிந்துவிடும் என்பதை ஒரு துளிரைக் கிள்ளியே காட்டுங்கள். இறுதியில் கன்றுக்குக் கோல் ஊன்றிக் கட்டுவதோடு நிறுத்திவிட்டு, நாற்றங்கால் இருக்கும் ஊரையும் வாட்ஸ்அப் எண்ணையும் எழுத்தில் காட்டினால் போதும். "வாங்குங்கள்" என்று ஒருமுறையும் சொல்லாத இந்தக் காணொளியைப் பார்த்தவருக்கு, நல்ல ஒட்டுக்கன்றை எப்படி அடையாளம் காண்பது என்று தெரிந்துவிடும். அது தெரிந்தவர் உங்களிடமே கன்று கேட்டு வருவார்.

எடுக்கும் முறையில் கவனிக்கவேண்டியவை சிலவே. கைபேசியை ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; ஸ்டாண்டு இல்லையெனில் செங்கல்லின் மேல் சாய்த்தாவது வையுங்கள். ஒவ்வொரு செயலையும் தூரத்திலிருந்து ஒருமுறையும் கைக்கு அருகிலிருந்து ஒருமுறையும் எடுங்கள். பார்ப்பவர்கள் மங்கலான படத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், இரைச்சலைப் பொறுக்க மாட்டார்கள். தோட்டத்தில் காற்று அடித்தால் பேச்சை வீட்டுக்குள் தனியாகப் பதிவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். வயரோடு கூடிய சிறிய காலர் மைக் வாங்குவது, புதிய கைபேசி வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு. திரைப்படப் பாடல்களைப் பின்னணியில் சேர்க்கவேண்டாம். பதிப்புரிமைக் கோரிக்கை வரும். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் உரிமைச் சிக்கல் இல்லாத இசை கிடைக்கிறது, ஆனாலும் முறத்தின் ஓசையும் எண்ணெயில் நிப்பட் பொரியும் ஓசையும் பெரும்பாலும் அதைவிட நன்றாக இருக்கும்.

எழுத்தும் மொழியும்

பலரும் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பதால், காணொளியில் சொல்லும் முக்கியமான சொற்களைத் திரையிலும் எழுதுங்கள். கேன்வா போன்ற செயலியில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற யூனிகோடு எழுத்துருக்களைப் பயன்படுத்தினால் கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும். ஒரு படத்தில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் வேண்டாம். வெளியிடும் முன் அதைக் கைபேசியின் சிறிய திரையில், கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களான நம் பகுதிக்கென்று ஒரு வாய்ப்பு உண்டு. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் புழங்கும் வீடுகள் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் ஏராளம். மாம்பழம், சிறுதானியம், மலர் ஆகியவற்றை விற்பவர்கள், அதே காணொளியின் விளக்கவரிகளைக் கன்னடத்திலும் ஒருமுறை எழுதிப் போடலாம். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல், கன்னடம் பேசும் பக்கத்து வீட்டாரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

சொல்லக்கூடாதவையும் சொல்லியே ஆகவேண்டியவையும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சிறுதானியம் விற்பவர்களில் பலர், "சர்க்கரை நோய் குணமாகும்", "புற்றுநோய் வராது" என்றெல்லாம் படத்தில் எழுதுகிறார்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக ஒரு பொருளை மருந்துபோல விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது. உணவுப் பொருள்கள் பற்றிய மிகைக் கூற்றுகளுக்கு 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிமுறைகளும் தடை விதிக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் படத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தக் கேடு மீளாதது. சாமையில் நார்ச்சத்து இருக்கிறது, கேழ்வரகில் கால்சியம் மிகுதி என்று சொல்லலாம். அதற்கு மேல் போகவேண்டாம்.

மாம்பழம் விற்பவர் காட்டவேண்டியது பழுக்கவைக்கும் முறையை. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடைசெய்யப்பட்டது என்பதும், வரையறுத்த அளவில் எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த அனுமதி உண்டு என்பதும் வாங்குபவர் பலருக்குத் தெரியாது. முற்றிய காயை வைக்கோலில் அடுக்கி, மூடி, சில நாள் கழித்துத் திறந்து பார்ப்பதை நாளுக்கொரு துண்டாக எடுத்து இணைத்தால், உங்கள் பழத்தின் மீதுள்ள ஐயம் தீரும். காயாக வாங்கியவருக்கு வீட்டில் பழுக்கவைக்கும் வழியும் தெரியும்.

மாவு, பொடி, ஊறுகாய், நிப்பட் போன்று பக்குவம் செய்த உணவை விற்பவர்கள், வீட்டிலிருந்தே செய்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடவேண்டும். எடை, விலை, தயாரித்த நாள், தயாரிப்பவரின் பெயரும் முகவரியும், புகார் சொல்வதற்கான தொடர்பு எண் ஆகியவையும் பொட்டலத்தில் தெளிவாக இருக்கவேண்டும். அந்தப் பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள். விலையை மறைத்து "இன்பாக்ஸில் கேளுங்கள்" என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்படுபவர் வாங்காமலேயே போய்விடுவார்.

பயனடைந்தவரின் படத்தையோ அவர் அனுப்பிய பாராட்டையோ போடுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். பயிற்சிக்கு வரும் சிறுவர் சிறுமியரின் முகங்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடவே கூடாது.

கட்டண வகுப்பு நடத்துவோருக்கு

ஆரி வேலைப்பாட்டை இணையத்தில் கற்பிப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நூல் துணிக்கு அடியில் இருக்கிறது, ஊசியின் கொக்கி மேலிருந்து இறங்கி அந்த நூலை இழுத்து வருகிறது. மேலிருந்து மட்டும் காட்டினால், அடியில் இடக்கை நூலைச் சுற்றித்தரும் விதத்தை மாணவி ஒருபோதும் பார்க்கமாட்டார். சங்கிலித் தையல் ஏன் அறுகிறது என்பதும் அவருக்குப் புரியாது. ஆகவே முதற்பாடத்துக்குத் துணிக்குப் பதிலாக மெல்லிய வலைத்துணியைச் சட்டத்தில் கட்டி, தடித்த நிற நூலைப் பயன்படுத்தி, கைபேசியைச் சட்டத்துக்குக் கீழே வைத்தும் ஒருமுறை எடுங்கள். எந்தக் கைத்தொழிலைக் கற்பித்தாலும், நேரில் வரும் மாணவர் எங்கே குனிந்து பார்க்கிறாரோ அங்கே கேமராவைக் கொண்டுசெல்ல வேண்டும்.

நேரலை வகுப்புக்கு ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடமும், கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடும்போது 60 நிமிடமும் கிடைக்கும். கைவேலை வகுப்புக்கு 40 நிமிடமே தாராளம்; முதற்பாதி காட்டுங்கள், மறுபாதியில் மாணவர்கள் தங்கள் கைபேசியைத் தம் கைகளின் பக்கம் திருப்பிச் செய்துகாட்டட்டும். பதிவுசெய்த பாடங்களை யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்ற அமைப்பில் ஏற்றினால் தேடலில் அவை வராது, இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கலாம். அந்த இணைப்பைப் பிறருக்கு அனுப்பிவிட முடியும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, திருத்தமும் சந்தேக விளக்கமும் நேரலையில் மட்டுமே கிடைக்கும்படி வகுப்பை அமையுங்கள்.

கட்டணம், வகுப்புகளின் எண்ணிக்கை, வாங்கவேண்டிய ஊசி, நூல், சட்டம் ஆகியவற்றின் பட்டியல், இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்ற விவரம் எல்லாவற்றையும் பணம் பெறுவதற்கு முன்பே எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் மற்றவர்களுக்குத் தெரியும். அதை விரும்பாத பெண்களுக்குப் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாகப் பாடங்களை அனுப்புவது நல்லது.

எதை எண்ணிப் பார்ப்பது

யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். சிறு உற்பத்தியாளர் அதைத் துரத்தத் தேவையில்லை. மாதந்தோறும் தவறாமல் வாங்கும் ஐம்பது குடும்பங்கள் அதைவிட உறுதியான வருமானம். வாரத்துக்கு இரண்டு பதிவு என்று வைத்துக்கொண்டு, மாத முடிவில் எந்தப் பதிவைப் பார்த்துக் கேள்வி வந்தது, எதைப் பார்த்து ஆர்டர் வந்தது என்று அதே நோட்டில் குறியுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் எந்த நொடியில் வெளியேறுகிறார்கள் என்ற வரைபடம் இருக்கிறது. வரைபடம் சரியும் இடத்தை மீண்டும் பார்த்தால், பெரும்பாலும் அங்கே நாம் செய்துகாட்டுவதை நிறுத்திவிட்டு வெறுமனே பேசிக்கொண்டிருப்போம்.

பணமும் பாதுகாப்பும்

பார்சலை மூடுவதையும் எடைக்கல்லின் அளவையும் இருபது நொடி காணொளியாக எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள். குறைந்தது, உடைந்தது என்ற தகராறு வந்தால் இரு தரப்புக்கும் அது சான்றாகும். பணம் செலுத்தியதாக அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்தபிறகே பொருளை அனுப்புங்கள். பணத்தைப் பெற யுபிஐ பின் எண்ணைத் தட்டவேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. மொத்தமாக வாங்குவதாகச் சொல்லி, "இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் முன்பணம் வரும்" என்பவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், கூகுள் கணக்குகள் மூன்றிலும், உள்நுழைபவரிடம் கூடுதலாக இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். மகளிர் குழுவின் கணக்கென்றால் கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் வைத்திருக்காமல் குழுவின் தலைவியும் செயலாளரும் அறிந்திருக்கட்டும். பணம் பறிபோனால், தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். புகார் எவ்வளவு விரைவாகப் போகிறதோ, பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.